முந்தித் துடிக்கும் நெஞ்சு

நெஞ்சு என்னும் சொல் தமிழில் உடலையும் குறிக்கும், உள்ளத்தையும் குறிக்கும். 'நெஞ்சு படபடக்கிறது' என்று ஒருவர் கூறுவாராயின், மார்புக்குள் இயங்கும் உறுப்பைக் கூறுகிறாரா, மனத்தின் கலக்கத்தைக் கூறுகிறாரா என்று கேட்பவர் உடனே பிரித்தறிய இயலாது. சொல்பவருக்கே அது தெளிவாக இருப்பதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

கள்ளக்குறிச்சியில் கல்லூரி ஒன்றில் பயிலும் இளைஞர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். அவருடைய ஊர் கல்வராயன் மலைமீது, வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள ஒரு சிற்றூர். விடுதியில் தங்கிப் படிக்கிறார். தேர்வு நெருங்கிவிட்டது. நான்கைந்து நாட்களாக உறக்கம் குறைவு, தேநீர் மிகுதி. நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறார். அப்போது நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டதுபோல் தோன்றுகிறது. ஒரு கணம் வெறுமை. அடுத்த கணம், உள்ளேயிருந்து யாரோ கைம்முட்டியால் இடித்தாற்போல் 'தொம்' என்று ஓர் அடி. இளைஞர் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறார். சிறிது நேரம் அமைதி. மீண்டும் அதே வெறுமை, அதே அடி. கையிலிருக்கும் தொலைபேசியில் தேடிப் பார்க்கிறார். அது அவருக்கு உலகத்திலுள்ள இதய நோய்கள் அனைத்தையும் வரிசையாகக் காட்டுகிறது. விடியும்வரை உறக்கமில்லை.

மறுநாள் மருத்துவமனைக்குச் செல்கிறார். இ.சி.ஜி. எடுக்கிறார்கள், எக்கோ பார்க்கிறார்கள், இரத்தம் சோதிக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கின்றன. 'ஒன்றும் இல்லை, தம்பி, போய்ப் படி' என்கிறார் மருத்துவர். இவர் வெளியே வருகிறார். அச்சம் மட்டும் குறையவில்லை. ஏனெனில், ஒன்றும் இல்லை என்பது உண்மையன்று. ஏதோ ஒன்று நிகழ்ந்தது; அவர் அதைத் தெளிவாக உணர்ந்தார். 'தீங்கு ஒன்றும் இல்லை' என்று மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல்லோடு, நிகழ்ந்தது இன்னது என்பதையும் ஐந்து நிமிடம் விளக்கியிருப்பாராயின், பல இரவுகளின் உறக்கம் காப்பாற்றப்பட்டிருக்கும். நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் அந்த ஐந்து நிமிடம் எளிதில் கிடைப்பதில்லை. வானொலியில் கிடைக்கிறது. ஆகவே அவ்விளக்கத்தை இங்குக் கூறுகிறேன்.

நமது இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறையாக, நாளொன்றுக்குச் சுமார் ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. இத்துடிப்புக்கு ஆணை மூளையிலிருந்து வருவதில்லை. இதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசுத்திரளிலிருந்து பிறக்கிறது. மூளை அதை விரைவுபடுத்தலாம், தாமதப்படுத்தலாம், அவ்வளவே. இத்திசுவைக் கண்டுபிடித்த வரலாறு மாணவர்களுக்கு உவப்பளிக்கும். இங்கிலாந்தில் கெண்ட் என்னும் பகுதியில் ஆர்தர் கீத் என்ற உடற்கூற்று அறிஞர், மார்ட்டின் பிளாக் என்ற மருத்துவ மாணவரைத் துணையாக வைத்துக்கொண்டு ஆராய்ந்து வந்தார். 1906ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் கீத் தம் மனைவியுடன் மிதிவண்டியில் உலாவச் சென்றிருந்தார். திரும்பி வந்தபோது, அகழெலி ஒன்றின் இதயத்தை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர், அதுவரை ஒருவரும் விவரிக்காத ஓர் அமைப்பை ஆசிரியருக்குக் காட்டினார். 1907இல் இருவரும் அதை வெளியிட்டனர். நம் இதயத்தின் தாளக்காரன் இருக்கும் இடம் அதுவே. ஆசிரியர் உலாவப் போயிருந்த நேரத்தில் மாணவர் கண்ட கண்டுபிடிப்பு என்பதை நீங்கள் மறக்கமாட்டீர்கள் என்று எண்ணுகிறேன்.

இயற்கையின் ஏற்பாடு ஒன்று உண்டு. தாளக்காரன் சோர்ந்துவிட்டால் இதயம் நின்றுவிடலாகாது என்பதற்காக, வேறு பல இடங்களிலுள்ள திசுக்களுக்கும் தாமே மின்பொறி எழுப்பும் ஆற்றல் அளிக்கப்பட்டிருக்கிறது. அவை பெரும்பாலும் வாய்மூடி இருக்கும். எப்போதாவது அவற்றுள் ஒன்று, முறை வருவதற்கு முன்பே தன் பொறியை எழுப்பிவிடுகிறது. இதயம் அதற்கும் கட்டுப்பட்டு ஒருமுறை சுருங்குகிறது. முறைக்கு முந்தி வருவதால் இதை 'முந்து துடிப்பு' எனலாம். மருத்துவர் 'எக்டோபிக் பீட்' என்பர்.

முந்தி வந்தது ஏன் தவறிப்போனது போலத் தோன்றவேண்டும்? இதற்கு நம் ஊர்க் கிணற்றடியிலேயே விடை இருக்கிறது. மின்விசைப் பம்புகள் வருவதற்கு முன் இப்பகுதியில் கவலை இறைத்து நீர் பாய்ச்சினர். எருதுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து சால் மேலே வந்து நீரைக் கொட்டும். எருதுகள் பின்னோக்கி ஏற, சால் மீண்டும் கீழே செல்லும். நீங்கள் கண்டிராவிடின் வீட்டிலுள்ள முதியோரைக் கேளுங்கள். சால் நிரம்புவதற்கு முன்பே எருதுகளை ஓட்டிவிட்டால் என்ன ஆகும்? அரைச் சால் நீர்தான் வரும். வாய்க்காலில் நீர் ஓடியதே தெரியாது. அடுத்த முறை சால் சற்று அதிக நேரம் நீருக்குள் கிடந்தால் தளும்பத் தளும்ப நிரம்பி வந்து மடமடவென்று கொட்டும். இதயமும் அத்தகையதே. முந்து துடிப்பு நிகழும்போது கீழறையில் இரத்தம் போதிய அளவு நிரம்பியிருப்பதில்லை. ஆகவே அத்துடிப்பு மெலிவானது. மணிக்கட்டு நாடியில் அது பெரும்பாலும் எட்டுவதே இல்லை. 'தவறிவிட்டது' என்று நாம் எண்ணுவது இதைத்தான். அதன்பின் இதயம் வழக்கத்தினும் சற்று நீண்ட ஓய்வு கொள்கிறது. அந்த ஓய்வில் அறை நன்றாக நிரம்புகிறது. பின்னர் வரும் துடிப்பு முறையான துடிப்பே. ஆனால் நிறைந்த சாலைப் போல வலிவுடன் கொட்டுகிறது. அதுவே அந்த 'தொம்'.

நம் இளைஞர் எந்த அடியைக் கேட்டு நடுங்கி எழுந்தாரோ அது நல்ல துடிப்பு. இவ்வொன்றைப் புரிந்துகொண்ட அளவிலேயே பாதி அச்சம் நீங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். நீர் இறைக்கும் கருவிக்கும் மனத்தின் துயருக்கும் தமிழில் 'கவலை' என்றே பெயர் அமைந்தது எப்படியோ, எனக்குத் தெரியாது. இவ்விடத்தில் அது பொருத்தமாகவே இருக்கிறது!

இத்துடிப்பு தீங்கற்றது என்று மருத்துவ உலகம் அறிந்துகொண்டது ஒரு பேரூரின் ஆய்வுக்கூடத்திலன்று. இங்கிலாந்தின் வடபகுதியில் பர்ன்லி என்றொரு நெசவாலை நகரம் உண்டு. அங்கே 1879ஆம் ஆண்டு முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் சாதாரணக் குடும்ப மருத்துவராகப் பணிபுரிந்தவர் ஜேம்ஸ் மெக்கன்சி. ஆலைத் தொழிலாளரும் அவர்தம் மக்களுமே அவரிடம் வந்த நோயாளிகள். அக்காலத்தில் நாடியில் ஓர் ஒழுங்கின்மை காணப்பட்டால் போதும். சிறுவரை விளையாடக் கூடாதென்று தடுத்து, படுக்கையில் கிடத்திவிடுவர் மருத்துவர். மெக்கன்சிக்கு இது சரியாகப் படவில்லை. நாடியின் அலைகளைத் தாளில் வரையும் கருவி ஒன்றை அமைத்தார். பின்னர் கடிகாரம் செய்யும் ஒருவரின் துணைகொண்டு அதைத் திருத்தமாக்கினார். கருவியைவிடப் பெரியது அவருடைய பொறுமை. ஒரே நோயாளியை ஐந்தாண்டு, பத்தாண்டு, இருபதாண்டு என்று தொடர்ந்து கவனித்துக் குறிப்பெழுதினார். முந்து துடிப்பு உடையவர், வேறு இதயநோய் இல்லாதவராயின், மற்றவரைப் போலவே உழைத்து, மணந்து, மக்களைப் பெற்று, முதுமை எய்தினர் என்பதைக் கண்டார். 1902இல் அவர் எழுதிய நாடி பற்றிய நூல் வெளிவந்தது. சிறு நகரத்து மருத்துவர் என்று அதுவரை அவரைப் பொருட்படுத்தாத பலர் பின்னர் அவரைத் தேடிப் பர்ன்லிக்கே வந்தனர்.

மெக்கன்சி மற்றொன்றையும் கூறினார். அதை நீங்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரு விரல்களை வைத்து நாடியைத் தொடுங்கள். மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள். நாடி சற்று விரையும். மெதுவாக வெளியே விடுங்கள், நாடி தாழும். இளமையில் இவ்வேறுபாடு நன்றாகத் தெரியும்; வயது ஏற ஏறக் குறையும். ஆக, கடிகாரத்தைப் போல ஒரே சீராக அடிப்பதே நல்ல இதயம் என்னும் எண்ணம் தவறானது.

மெக்கன்சியின் முடிவைக் கருவிகள் பிற்காலத்தில் உறுதிசெய்தன. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வாழ்ந்த நார்மன் ஹோல்ட்டர் என்னும் இயற்பியலறிஞர், மனிதன் படுத்திருக்கும்போது மட்டுமன்றி, நடமாடும்போதும் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்ய விரும்பினார். 1947இல் அவர் முதன்முதல் அமைத்த கருவி ஒரு வானொலி ஒலிபரப்பிதான்! எடை ஏறத்தாழ 38 கிலோ. அதை முதுகில் சுமந்துகொண்டே உடற்பயிற்சி செய்தார். அவருடைய நெஞ்சின் செய்தி வானலை வழியே சென்றது. 1961இல் அவர் தம் முறையை விவரித்து எழுதினார். இன்று அக்கருவி உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. அவர் பெயராலேயே ஹோல்ட்டர் என்று வழங்குகிறது. அதை நலமுள்ள மனிதருக்கு இருபத்து நான்கு மணி நேரம் பூட்டிப் பார்த்தபோது, அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒன்றோ பலவோ முந்து துடிப்புகள் இருந்தன. பெரும்பாலோர் அவற்றை உணர்ந்ததே இல்லை. எனவே நமக்கும் அடுத்த வீட்டாருக்கும் உள்ள வேற்றுமை, துடிப்பு இருப்பதில் இல்லை. அதைக் கேட்பதில் இருக்கிறது.

'தீங்கற்றதாயினும் தொல்லையாக இருக்கிறதே, மருந்து கொடுத்து அடக்கிவிடலாகாதா?' என்று கேட்கத் தோன்றும். இக்கேள்வியை மருத்துவ உலகமே ஒருமுறை கேட்டது. மிகக் கொடிய விடையைப் பெற்றது. மாரடைப்பு வந்து பிழைத்தவரிடம் முந்து துடிப்பு மிகுந்திருந்தால் ஆபத்து மிகுதி என்பது தெரிந்திருந்தது. அத்துடிப்பை அடக்கினால் ஆபத்தும் அடங்கும் என்று எல்லாரும் நம்பினர். அதற்கான மருந்துகளும் இருந்தன. பல்லாயிரவர் உண்டும் வந்தனர். இந்நம்பிக்கையைச் சோதிக்க அமெரிக்காவில் தொடங்கிய பெரும் ஆய்வு 1989இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 1991இல் முழுக் கணக்கு வெளியாயிற்று. பிளெகனைடு, என்கனைடு என்னும் மருந்துகளை உண்ட 755 பேருள் 63 பேர் இறந்திருந்தனர். வெறும் மாத்திரை உண்ட 743 பேருள் இறந்தவர் 26 பேரே. மருந்து துடிப்புகளை நன்றாகவே அடக்கியிருந்தது. துடிப்பு ஓர் அறிகுறி. நோய் வேறிடத்தில் இருந்தது. அறிகுறியை அடக்க வந்த மருந்து இதயத்தின் மின்னொழுங்கையே குலைத்துவிட்டது.

அவர்கள் நோயுற்ற இதயம் உடையவர்கள். நம் இளைஞர் நலமுள்ளவர். இருவரையும் ஒன்றாக எண்ண வேண்டாம். ஆயினும், நலமுள்ள இதயத்தில் வரும் முந்து துடிப்புக்கு மருத்துவர்கள் மருந்தெழுதத் தயங்குவது அலட்சியத்தால் அன்று என்பது இதனால் விளங்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் உண்ணும் நெஞ்சு மாத்திரையைக் கடன் வாங்கி உண்பவர்கள் இதைச் சிறப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாமல் மேலே செல்வது முறையன்று. 'தீங்கற்றது' என்பது நாமே நமக்குச் சூட்டிக்கொள்ளும் பட்டமன்று. ஒருமுறையேனும் மருத்துவர் சோதித்துக் கூறவேண்டிய முடிவு. ஓடும்போதோ மலையேறும்போதோ மயங்கி விழுதல், நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத்திணறல், நிற்காமல் நெடுநேரம் தாறுமாறாக ஓடும் நாடி, குடும்பத்தில் இளவயதில் ஒருவர் திடீரென்று இறந்த வரலாறு, சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மூட்டுகள் வீங்கிய வரலாறு: இவற்றுள் ஒன்று இருப்பினும் காலந்தாழ்த்தலாகாது. மயக்கமும் நெஞ்சுவலியும் நேர்ந்தவிடத்து 108ஐ அழைக்க வேண்டும். முன்னாளில் மலைமக்கள் இத்தகைய சோதனைக்குச் சேலத்தையோ புதுச்சேரியையோ நாடிச் செல்ல வேண்டியிருந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று; 2022ஆம் ஆண்டு சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கி வந்து, சோதனை முடித்து, அன்றே திரும்பலாம்.

சோதனையில் முந்து துடிப்புகள் மிகப் பலவாக, நாளின் துடிப்புகளுள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காணப்பட்டால், மருத்துவர் அவ்வப்போது எக்கோ எடுத்துக் கண்காணிப்பார். ஏனெனில், அவ்வளவு மிகுதியானால் சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல இதயத்தசை தளர்வதுண்டு. அதற்கும் இன்று வழி இருக்கிறது. இரத்தக்குழாயின் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, முந்திப் பொறியெழுப்பும் இடத்தை வெப்பத்தால் சுட்டு அடக்கிவிடுகிறார்கள்.

இனி, நலமென்று சொல்லி அனுப்பப்பட்டவர் என்ன செய்யலாம்? முதலில் நோக்கவேண்டியது இரத்தசோகை. தமிழ்நாட்டுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர் என்று நாடு தழுவிய குடும்பநலக் கணக்கெடுப்பே கூறுகிறது. இரத்தத்தில் செவ்வணுக் குறைந்தால், இருப்பதைக்கொண்டு ஈடுசெய்ய இதயம் விரைந்து உழைக்கும். படபடப்பு அதன் முதற்குரல். கல்லூரி மாணவி ஒருவர் படபடப்பு என்று சொன்னால், 'பயந்த பெண்' என்று முடிவுகட்டும் முன் இரத்தத்தைப் பார்ப்பது அறிவுடைமை. தைராய்டுச் சுரப்பி மிகுந்தாலும் இதே துன்பம் வரும். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளுள் சிலவும் நெஞ்சைத் துரத்துவன.

காபியைப் பற்றி ஒரு சொல். நெஞ்சு துடிக்கிறது என்றதும் காபியை நிறுத்தச் சொல்வது நம் வழக்கம். அமெரிக்காவில் நலமுள்ள 100 பேரைக்கொண்டு நடத்திய ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. சில நாள் காபி அருந்தச் செய்தும், சில நாள் தவிர்க்கச் செய்தும் அவர்கள் இதயத்தை இடைவிடாமல் பதிவுசெய்தனர். மேலறையில் எழும் முந்து துடிப்புகளைக் காபி குறிப்பிடத்தக்க அளவில் மிகுவிக்கவில்லை. கீழறைத் துடிப்புகள் மட்டும் காபி இல்லாத நாளில் சராசரி 102 ஆக இருந்தவை, காபி அருந்திய நாளில் 154 ஆயின. அவர்கள் அந்நாட்களில் ஏறத்தாழ ஆயிரம் அடிகள் மிகுதியாக நடந்தனர். அரைமணி நேரம் குறைவாக உறங்கினர். ஆகவே காபியைக் கொலைகாரனாகக் கருத வேண்டாம். இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, வேறுபாடு தெரிந்தால் குறைக்கலாம். தெரியாவிட்டால் காலையில் ஒரு குவளை அருந்தி மகிழலாம். இரவில் கண்விழிக்க வேண்டி டப்பாவில் அடைத்து விற்கும் ஊக்கபானங்களை அருந்துவது வேறு. அங்கே காபியின் சத்தும் சர்க்கரையும் உறக்கமின்மையும் ஒன்றுசேர்கின்றன.

மதுவும் நெஞ்சின் தாளத்தைக் கெடுக்கும். ஓரிரவு மிகுதியாகக் குடித்த அளவிலேயே மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்குவதுண்டு. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கருணாபுரத்தில் நஞ்சுச் சாராயத்திற்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த ஊரில், மதுவைப் பற்றி நான் மேலும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதயத்தின் மின்னியக்கத்திற்குப் பொட்டாசியம், மெக்னீசியம் என்னும் இரு தாதுக்கள் இன்றியமையாதவை. அணுக்களின் சுவரைக் கடந்து பொட்டாசியம் வெளியே செல்வதால் எழுந்த மின்பொறி அடங்குகிறது. அப்போக்குவரத்தை நெறிப்படுத்துவது மெக்னீசியம். இவை இரத்தத்தில் குறைந்தால் முந்து துடிப்புகள் பெருகும். இதை அறிந்த வணிகர் மெக்னீசியம் மாத்திரைகளை அழகிய புட்டிகளில் அடைத்து விற்கின்றனர்.

வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் மெக்னீசியம் வேண்டும். நன்றாகத் தீட்டிய வெள்ளரிசி 100 கிராமில் இருப்பது சுமார் 20 மில்லிகிராமே. தீட்டாத அரிசியில் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் உண்டு. மிச்சம் தவிட்டோடு போய்விடுகிறது. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 140. கம்பில் சுமார் 120. சாமையில் சுமார் 90. கல்வராயன் மலைக் கொல்லைகளில் விளையும் தானியங்கள் இவையே. மலையில் கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் உண்டு வளர்ந்த மாணவர், கீழே விடுதிக்கு வந்து மூன்று வேளையும் வெள்ளரிசியை உண்டுவிட்டு, குறைந்த சத்தை நிறைக்க நூற்றுக்கணக்கில் பணம் கொடுத்து மாத்திரை வாங்குவதை என்னென்பது! கேழ்வரகோடு முருங்கைக்கீரை, நிலக்கடலை, எள்ளுருண்டை, பருப்பு, வாழைப்பழம், இளநீர் ஆகியவை சேர்ந்தால் இரு தாதுக்களும் போதிய அளவு கிடைக்கும்.

மாத்திரை பயனற்றது என்று நான் கூறவில்லை. பிரேசில் நாட்டில் முந்து துடிப்பால் துன்புற்ற 60 பேருக்கு மெக்னீசியமும் வெறும் மாத்திரையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்து, மெக்னீசியம் உண்டோருள் பெரும்பாலோர் துன்பம் குறைந்ததாக 2012இல் எழுதினர். ஆய்வு சிறிது, காலமும் ஒரு மாதமே. இரத்தத்தில் குறைவு கண்டு மருத்துவர் தருவாராயின் உண்ணலாம். தாமே வாங்கி அளவின்றி உண்போருக்கு முதலில் வருவது வயிற்றுப்போக்கு. அதனோடு பொட்டாசியமும் வெளியேறிவிடும். துடிப்பை அடக்க உண்டது துடிப்பைக் கூட்டிய கதையாகும். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இவ்விரு தாதுக்களும் உடலில் தேங்கி நஞ்சாகிவிடும். அவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமுங்கூட மருத்துவரைக் கேட்டபின்பே. மீனெண்ணெய் மாத்திரை இதயத்திற்கு நல்லதென்று பலர் உண்கின்றனர். மிகுந்த அளவில் அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில், மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும் நோய் சற்று மிகுதியாகவே காணப்பட்டது. கல்வராயன் மலைக் கடுக்காய் பேர்பெற்றது. ஆற்றங்கரை மருதின் பட்டையோ நெஞ்சுக்கு உகந்ததென்று நெடுங்காலமாகக் கூறப்படுவது. இவற்றை இகழ வேண்டா. ஆனால் முந்து துடிப்புக்கு இவையே மருந்து என்று துணிவதற்குரிய சோதனைகள் நடக்கவில்லை. உண்பவர் தாம் உண்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

எஞ்சியது அச்சம். தொல்காப்பியர் அச்சத்திற்கு நான்கு நிலைக்களம் கூறினார்: தெய்வம், விலங்கு, கள்வர், அரசர். தன் நெஞ்சுக்கே ஒருவன் அஞ்சும் இந்த ஐந்தாம் அச்சம் அவர் கணக்கில் இல்லை. மற்ற நான்கையும் விட்டு ஓடலாம். இதை விட்டு ஓட இடமில்லை. அஞ்சும்போது அட்ரினலின் என்னும் நீர் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது. அது இதயத்தைத் தூண்டி முந்து துடிப்பை எழுப்புகிறது. அத்துடிப்பு மீண்டும் அச்சத்தை எழுப்புகிறது. செக்குமாடு போல் இது சுற்றிச் சுற்றி வரும். நாழிகைக்கு நாழிகை நாடியைத் தொட்டுப் பார்ப்பதும், நாடி காட்டும் கைக்கடிகாரத்தை இரவெல்லாம் உற்றுப் பார்ப்பதும் செக்கை ஓட்டும் வேலையே. அவ்வேளையில் செய்யத்தக்கது எளிது. எழுந்து உட்கார்ந்து, ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விடவேண்டும். இவ்வாறு நிமிடத்திற்கு ஆறு மூச்சு விட, இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பு வலுப்பெறும். இடப்பக்கம் படுத்தால் இதயம் மார்புச்சுவரை நெருங்குவதால் துடிப்பு பெரிதாகக் கேட்கும். வலப்பக்கம் திரும்பிப் படுக்கலாம். வயிறு நிரம்ப உண்டவுடன் படுப்பதும் கூடாது.

நம் இளைஞரிடம் நான் ஒன்று கேட்டிருப்பேன்: விடுமுறையில் ஊருக்குச் சென்று மலைப்பாதையில் ஏறும்போது இத்துடிப்பு வந்ததா என்று. பெரும்பாலும் வந்திராது. நடக்க நடக்கத் தாளக்காரன் விரைந்து அடிக்கிறான்; இடையிலே பிறர் புகுந்து முந்துவதற்கு இடைவெளி கிடைப்பதில்லை. ஓய்ந்து கிடக்கும் இரவில் இடைவெளி நீள்கிறது. முந்து துடிப்பு தலைகாட்டுகிறது. ஏற ஏற மறையும் துடிப்பு பொதுவாக நலத்தின் அடையாளம். ஏற ஏறப் பெருகும் துடிப்பை மருத்துவரிடம் காட்டவேண்டும். மருத்துவர் நலமென்று கூறியபின் விளையாட்டையும் நடையையும் நிறுத்துவது, மெக்கன்சி காலத்துச் சிறுவரைப் படுக்கையில் கிடத்திய அதே பிழையை நாமே நமக்குச் செய்துகொள்வதாகும்.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு தாளில் சில குறிப்புகள் எழுதிக்கொண்டு செல்வது நல்லது. துடிப்பு வந்த நாள், வேளை. அப்போது இருந்தது படுக்கையிலா, நடையிலா. முந்திய இரவு எத்தனை மணி உறக்கம். உண்டது, அருந்தியது, விழுங்கிய மாத்திரைகள். தலைசுற்றல் இருந்ததா, இல்லையா. இரண்டு வாரக் குறிப்பு போதும். அதை மருத்துவர் கையில் கொடுத்துவிட்டு, அன்றோடு கணக்கெழுதுவதை நிறுத்திவிடலாம்.